கோதாவரி துரத்திய கப்பல்

கடற்படைக் கப்பல்களின் கதை: வரலாற்றுத் தொடர்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்தின் உயரம் 192 அடி. அதே உயரத்தில் இரண்டு கோபுரங்களைத் தரையில் அடுத்தடுத்துக் கிடத்தினாலும் ஐ.என்.எஸ். கோதாவரியின் நீளத்தை எட்ட இன்னும் 30 அடி வேண்டும். அதன் நீளம் 126.5 மீட்டர், அகலம் 14.5 மீட்டர். முழுச் சுமையோடு மிதக்கும்போது எடை ஏறத்தாழ 3,850 டன். முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அதற்குள் உண்டு, உறங்கி, முறைவைத்து வேலை பார்த்தார்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருந்து மேற்கே பார்த்தால் மலை தெரியும். எந்தப் பக்கம் பார்த்தாலும் கடல் தெரியாது. அதனால்தான் கப்பலின் அளவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற பகுதியில் நீலகிரி வகைக் கப்பல்களைப் பார்த்தோம். 1972-இல் படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். நீலகிரி பம்பாய் மசகான் கப்பல் கட்டும் தளத்தில் நம் தொழிலாளர்கள் கட்டியதுதான். ஆனால் அதன் வரைபடம் பிரிட்டனுடையது. அங்கே அதற்கு லியாண்டர் என்று பெயர். கட்டும் கை நம்முடையது, வரையும் கை இன்னொருவருடையது. அந்தக் குறை தீர்ந்த கப்பல் கோதாவரி. இந்தியாவிலேயே வடிவமைத்து, இந்தியாவிலேயே கட்டிய முதல் ஏவுகணை ஃபிரிகேட் என்ற பெருமை அதற்கு உண்டு. நாசகாரிக் கப்பலைவிடச் சற்றுச் சிறியது, கார்வெட்டைவிடப் பெரியது ஃபிரிகேட். வான்வழி வரும் விமானத்தையும், நீருக்கடியில் வரும் நீர்மூழ்கியையும், எதிரே வரும் போர்க்கப்பலையும் ஒரே கப்பல் சமாளிக்க வேண்டும். கடற்படையின் அன்றாடப் பாரத்தைச் சுமப்பவை பெரும்பாலும் இவைதான்.

நம் பக்கத்து ஆள் ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ. சிதம்பரம் பிள்ளை, வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகச் சொந்தக் கப்பல் ஓட்டத் துணிந்தார். ஆனால் அவர் வாங்கிய காலியா, லாவோ இரண்டும் பிரான்சிலிருந்துதான் வந்தன. நீராவிக் கப்பலை இங்கே வரையவும் கட்டவும் அன்று வழியில்லை. காலியா தூத்துக்குடிக்கு வந்ததற்கும் கோதாவரி படையில் சேர்ந்ததற்கும் நடுவே முக்கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

கோதாவரியின் தலைமை வடிவமைப்பாளர் கேப்டன் என்.எஸ். மோகன் ராம். பின்னாளில் அவர் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனத்துக்குப் போனார். அவருக்கும் கடற்படை வடிவமைப்பு இயக்ககத்தில் அவரோடு இருந்தவர்களுக்கும் முன்னால் வைக்கப்பட்ட கணக்கு கடினமானது. ரஷ்ய ஏவுகணைகள் ஏற வேண்டும். கனமான ஸீ கிங் ஹெலிகாப்டர் இரண்டை நிறுத்த இடம் வேண்டும். புதிய ரேடார்கள், புதிய சோனார் எல்லாம் வேண்டும். ஆனால் எஞ்சின் மட்டும் பழையதேதான். நீலகிரியில் இருந்த அதே 30,000 குதிரைத்திறன் நீராவி டர்பைன்கள். பாரம் கூடுகிறது, இழுக்கும் பலம் கூடவில்லை. வேகம் எவ்வளவு குறையும் என்பதுதான் எல்லோருடைய கவலையும்.

அவர்கள் கப்பலை நீட்டினார்கள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் கப்பல் தன் ஆற்றலில் பெரும்பகுதியை அலை எழுப்புவதிலேயே செலவழிக்கிறது. உடல் நீளமாகவும் ஒடிசலாகவும் இருந்தால் அந்த வீண்செலவு குறையும். நீலகிரியைவிடப் பத்து மீட்டருக்கு மேல் நீண்ட உடலை வரைந்து, அதன் வளைவுகளை மாதிரி வைத்துச் சோதித்துப் பார்த்தபோது ஒரு நாட் வேகம்தான் குறையும் என்று தெரிந்தது. 27 நாட்; மணிக்கு 50 கிலோமீட்டர். நூற்றுக்கணக்கான டன் கூடுதல் பாரத்துக்கு ஒரு நாட் என்பது மிக மலிவான விலை. எனக்கு இந்தக் கப்பலின் ஏவுகணைகளைவிட இந்த வளைகோடுதான் பெரிய சாதனையாகத் தோன்றுகிறது. ஆயுதத்தை விலைக்கு வாங்கிவிடலாம். இப்படி வரையத் தெரிந்தவர்களை உருவாக்க ஒரு தலைமுறை ஆகிறது.

ஆயுதங்களைச் சேர்ப்பதும் லேசான காரியமாக இல்லை. ரஷ்யக் கருவிகள் ஒரு வகை மின்சாரத்தை எதிர்பார்க்கும், மேற்கத்தியக் கருவிகள் வேறொரு வகையை. ரஷ்ய ஏவுகணையும், பிரிட்டிஷ் மூலத்திலிருந்து வந்த இயந்திரமும், இந்தியச் சோனாரும் ஒரே கப்பலில் ஒன்றோடொன்று பேச வேண்டும். உலகத்தில் வேறெந்தக் கடற்படையும் அப்போது இப்படி ஒரு கலவையை முயன்றதாகத் தெரியவில்லை. அந்தக் குடும்பத்து ஏவுகணைகள்தான் 1971 டிசம்பர் 4 இரவில் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கியவை. அன்று அவை சின்னஞ்சிறு படகுகளிலிருந்து பாய்ந்தன. கரையை விட்டு வெகுதூரம் போகவோ பல நாள் கடலில் நிற்கவோ அந்தப் படகுகளால் ஆகாது. அந்த ஏவுகணையை ஆழ்கடல் கப்பலில் ஏற்றியாகிவிட்டது.

1971 இன்னொரு பாடத்தையும் விட்டுச்சென்றது. கராச்சி வெற்றிக்கு ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 9-இல், ஐ.என்.எஸ். குக்ரியைப் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். கப்பலோடு சேர்ந்து கேப்டன் மகேந்திரநாத் முல்லாவும் போனார். நீருக்கடியில் இருப்பதைக் கேட்கும் சோனார் நம் கடலுக்கு ஏற்றதாக இல்லை என்ற உண்மை அந்த இரவில் முகத்தில் அறைந்தது. ஒலியை அனுப்பி அதன் எதிரொலியை வைத்துப் பொருளைக் கண்டுபிடிப்பது சோனாரின் வேலை. நம் வெப்பக் கடலில் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிராகவும் இருப்பதால் ஒலி நேராகப் போகாமல் வளைந்துவிடும். குளிர்க்கடலுக்குச் செய்த கருவி இங்கே தடுமாறும்.

அந்தத் தடுமாற்றத்துக்குத் தீர்வு தேடியவர் நம் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். பதினைந்து வயதில் தேசியப் பாதுகாப்பு அகாதெமியில் சேர்ந்த கடற்படை அதிகாரி. கொச்சியில் உள்ள கடற்படை ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் உருவான ‘அப்ஸோ’ என்ற சோனார் கோதாவரி வகைக் கப்பல்களில் ஏறியது. வெளிநாட்டில் கிடைத்தவற்றோடு போட்டி போடும் தரத்தில் இருந்த கருவி அது. பின்னர் பால்ராஜ் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய், பல ஆன்டெனாக்களைக் கொண்டு ஒரே அலைவரிசையில் பல மடங்கு தகவல் அனுப்பும் முறையைக் கண்டுபிடித்தார். இன்று நம் கையில் இருக்கும் 4ஜி போனும் வீட்டு வைஃபையும் அந்த முறையில்தான் இயங்குகின்றன. 2014-இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது. கடலுக்கடியில் சிதறி வரும் ஒலியைக் கூட்டிக் கேட்கப் பழகியவர், காற்றில் சிதறி வரும் அலையையும் அப்படியே கேட்டார் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

1980 மே 15-இல் நீரில் இறங்கிய கோதாவரி 1983 டிசம்பர் 10-இல் படையில் சேர்ந்தது. அடுத்துத் தங்கைகள் கங்காவும் கோமதியும் வந்தார்கள். 1986 ஜூலை 4-இல் நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையின் நூற்றாண்டுக்காகப் பல நாட்டுக் கப்பல்கள் அணிவகுத்தபோது இந்தியாவின் சார்பில் போய் நின்றது கோதாவரிதான். நாமே வரைந்த கப்பலை உலகம் பார்க்கட்டும் என்று அனுப்பினார்கள். அது நியாயமான பெருமை.

இனி அந்த மூன்று நாட்கள்.

1988 நவம்பர் 3, விடிவதற்கு முன். மாலத்தீவின் தலைநகர் மாலேயில் துப்பாக்கிச் சத்தம். இலங்கையில் தங்கியிருந்த மாலத்தீவு வியாபாரி அப்துல்லா லுத்துஃபி, அதிபர் மௌமூன் அப்துல் கயூமைக் கவிழ்க்க ஆயுதக் குழுவோடு வந்து இறங்கியிருந்தார். அவருக்காகச் சண்டை போட வந்த ஏறத்தாழ 80 பேர் இலங்கைத் தமிழர்கள். புளொட் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தப் பெயர் புதிதல்ல. நில அளவையாளராக இருந்து போராளியான உமா மகேஸ்வரன், விடுதலைப் புலிகளிடமிருந்து பிரிந்து தொடங்கிய இயக்கம் அது. 1982 மே மாதம் சென்னை பாண்டி பஜாரில் அவரும் பிரபாகரனும் ஒருவரையொருவர் நோக்கிச் சுட்டுக்கொண்ட செய்தியை அன்றைய தலைமுறை மறந்திருக்காது. புளொட்டின் பயிற்சி முகாம்கள் தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டுப் பக்கம் இருந்தன. 1983 கலவரத்துக்குப் பிறகு ஊர் ஊராக உண்டியல் குலுக்கி உதவி செய்த மக்கள் நாம். ஈழ விடுதலைக்கென்று வீட்டைவிட்டு வந்த பிள்ளைகள் ஐந்து ஆண்டில் இன்னொரு நாட்டு வியாபாரியின் ஆட்சிக் கவிழ்ப்புக்குக் கூலிப்படையாக நின்றார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்திய தலைமைகளின் மேல் எனக்கு இன்றும் கோபம் தணியவில்லை.

கயூம் மறைவிடத்திலிருந்து பல நாடுகளிடம் உதவி கேட்டார். இந்தியா உடனே கிளம்பியது. அன்று மாலையே ஆக்ராவிலிருந்து ஐ.எல்.-76 விமானங்களில் பாரசூட் படையினர் பிரிகேடியர் புல்சாரா தலைமையில் ஏறினார்கள். 2,000 கிலோமீட்டருக்கு மேல் நிற்காமல் பறந்து, இரவில் ஹுல்ஹுலே தீவின் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து படகில் மாலேக்குப் போய்க் கயூமைப் பத்திரமாக மீட்டார்கள். விமானம் வருகிறது என்று தெரிந்ததுமே லுத்துஃபியின் ஆட்கள் ஓட்டமெடுத்தார்கள். துறைமுகத்தில் நின்ற ‘புரோகிரஸ் லைட்’ என்ற சரக்குக் கப்பலைக் கைப்பற்றி, ஓர் அமைச்சர் உட்படப் பலரைப் பிணையாளிகளாக ஏற்றிக்கொண்டு இலங்கைப் பக்கம் திருப்பினார்கள்.

தரைப்படை செய்ய வேண்டியது முடிந்துவிட்டது. மிச்சம் கடற்படைக்கு.

கோதாவரி அப்போது ஆஸ்திரேலியப் பயணத்தை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. பல வாரங்கள் வீட்டை விட்டு வந்தவர்கள். ஊர் போய்ச் சேரும் நினைப்பில் இருந்திருப்பார்கள். வழியிலேயே உத்தரவு வந்தது. கேப்டன் எஸ்.வி. கோபாலாச்சாரி கப்பலைத் திருப்பினார். கொச்சியிலிருந்து ஐ.என்.எஸ். பேட்வா விரைந்தது. அது 1960-இல் படையில் சேர்ந்த, பிரிட்டனில் கட்டிய பழைய பீரங்கிக் கப்பல். கடற்படை விமானங்கள் வானத்திலிருந்து புரோகிரஸ் லைட்டைக் கண்டுபிடித்துக் கண்ணிலிருந்து தவறவிடாமல் பின்தொடர்ந்தன. பழைய கப்பலும் புதிய கப்பலும் இரண்டு பக்கமிருந்தும் நெருங்கின.

வேகத்தில் ஒரு சரக்குக் கப்பல் ஃபிரிகேட்டுக்கு ஈடாகாது. பிடிப்பது பெரிய விஷயமே இல்லை. பிடித்த பிறகு என்ன செய்வது? அதில் பெண்களும் இருந்தார்கள். கோதாவரியின் தளத்தில் நின்ற ஏவுகணை ஒன்று போதும், அந்தச் சரக்குக் கப்பல் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும்; பிணையாளிகளும் போயிருப்பார்கள். எந்த ஆயுதத்துக்காக இந்தக் கப்பலை வடிவமைத்தார்களோ, அந்த ஆயுதத்தைத் தொடவே முடியாத நிலை. கையில் இருந்தவை ரேடியோ, ஹெலிகாப்டர், சிறிய பீரங்கிகள், பொறுமை.

கோதாவரி பேசியது. மாலத்தீவு அரசின் சார்பில் பேச வந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு மணிக்கணக்கில் ரேடியோவில் பேசிப் பார்த்தார்கள். லுத்துஃபியின் ஆட்கள் எஞ்சினை நிறுத்த மறுத்தார்கள். நெருங்கினால் பிணையாளிகளைக் கொல்வோம் என்றார்கள். மிரட்டலோடு நிற்கவில்லை, பிணையாளிகள் சிலரைக் கொன்றும் விட்டார்கள். இலங்கைக் கரை நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே இந்திய அமைதிப்படை புலிகளோடு போரில் இருந்த காலம் அது. கரையைத் தொட்டுவிட்டால் விவகாரம் யார் கையிலும் நிற்காது.

அதன் பிறகுதான் சுட்டார்கள். முதலில் எச்சரிக்கைக்காகக் கப்பலின் முன்னே. கேட்காதபோது கப்பலின் மேலேயே, ஆட்கள் அடைந்துகிடக்கும் இடத்தைத் தவிர்த்து. ஆடும் கடலில், ஓடும் கப்பலிலிருந்து, ஓடும் இன்னொரு கப்பலின் குறிப்பிட்ட பாகத்தை அடிப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதைத் துப்பாக்கி பிடித்தவர்கள் அறிவார்கள். நவம்பர் 6 காலையில் புரோகிரஸ் லைட் நின்றது. கடற்படையின் சிறப்புக் கமாண்டோக்கள் ஏறிப் பிணையாளிகளை மீட்டார்கள், லுத்துஃபியையும் கூட்டத்தையும் பிடித்தார்கள். அடிபட்ட கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து பிறகு மூழ்கிப்போனது.

அமெரிக்க அதிபர் ரீகனும் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரும் இந்தியாவைப் பாராட்டினார்கள். பிடிபட்டவர்கள் 1989 ஜூலையில் மாலத்தீவிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அவர்களில் சிலருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இந்தியா வலியுறுத்தியதால் கயூம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். அந்த வலியுறுத்தல் சரியானது. துரத்திப் பிடித்த நாடே உயிரைக் காக்கவும் சொன்னது என்பதைத் தமிழர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதே மாதம் உமா மகேஸ்வரன் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதற்குப் பிந்தைய பணிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். சோமாலியாவில் ஐ.நா. அமைதிப் பணிக்குப் போன நம் தரைப்படைப் பிரிகேடு 1994 டிசம்பரில் திரும்பியபோது, அவர்களுக்குக் காவலாகக் கோதாவரியும் கங்காவும் சக்தி என்ற எண்ணெய்க் கப்பலும் போயின. உள்நாட்டுப் போர் நடக்கும் ஊரில், கடைசி ஆள் படகேறும்வரை கரையைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவற்றின் வேலை. செய்தித்தாளில் இடம் கிடைக்காத வேலை.

அடுத்தது நம் ஊரோடு நேரடியாகத் தொடர்புள்ளது. ராஜபாளையம் மில்களில் நூற்கும் நூல் வெளிநாட்டுக்குப் போகிறது. சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணியும் போகிறது. 2008 வாக்கில் ஐரோப்பாவுக்கான கன்டெய்னர் தூத்துக்குடியில் ஏறி, பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறி, அரபிக்கடலைக் கடந்து ஏடன் வளைகுடா வழியாகச் செங்கடலுக்குள் நுழைந்து சூயஸ் கால்வாயைப் பிடிக்கும். அப்போது அந்த ஏடன் வளைகுடாவில் சோமாலியக் கொள்ளையர்கள் மாதம் தவறாமல் கப்பல்களைக் கடத்தினார்கள். கடத்தப்பட்ட மாலுமிகளில் நம்மவர்களும் இருந்தார்கள். காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகலாமென்றால் எரிபொருளும் நாளும் கூடும். அந்தச் செலவு கடைசியில் மில்காரர் தலையிலும் தறிக்காரர் தலையிலும்தான் விடியும்.

2008 அக்டோபரில் இந்தியக் கடற்படை அங்கே காவலுக்குப் போனது. முதலில் ஐ.என்.எஸ். தபர், பிறகு முறைவைத்து ஒவ்வொரு கப்பலாக. கால் நூற்றாண்டு வயதான கோதாவரியும் தன் முறைக்குப் போய் நின்றது. 490 கடல் மைல் நீளமும் 20 கடல் மைல் அகலமும் உள்ள ஒரு பாதையைக் கடலில் வகுத்து, வணிகக் கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்து அக்கரை சேர்ப்பார்கள். எந்த நாட்டுக் கொடி என்று பார்ப்பதில்லை. மாதக்கணக்கில் அதே பாதையில் போவதும் வருவதும்தான். ரேடாரில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தால் அது மீன்பிடிப் படகா, கொள்ளையர் படகா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். இரண்டும் ஒரே மாதிரிப் படகுகள். ஏணி இருக்கிறதா, கொக்கி இருக்கிறதா, இத்தனை தூரத்தில் வலையே இல்லாமல் எதற்கு வந்தார்கள் என்பதையெல்லாம் ஹெலிகாப்டரிலிருந்து பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். அந்த வளைகுடாவைப் பத்திரமாகக் கடந்த கன்டெய்னர்களில் ராஜபாளையம் நூலும் இருந்தது.

2015 டிசம்பர் 23-இல் மும்பையில் கோதாவரி பணி ஓய்வு பெற்றது. கங்கா 2018 மார்ச்சிலும் கோமதி 2022 மே மாதத்திலும் விடைபெற்றன. கோமதியின் பாகங்களை லக்னோவில் அதே பெயருள்ள ஆற்றங்கரையில் திறந்தவெளி அருங்காட்சியகமாக வைக்க உத்தரப் பிரதேச அரசு ஒப்பந்தம் போட்டது. கோதாவரியில் வரையக் கற்ற கை அதன் பிறகு நிற்கவில்லை: அதே உடலமைப்பை வளர்த்துப் பிரம்மபுத்திரா வகை, பிறகு சிவாலிக் வகை, இப்போது நீலகிரி என்ற பழைய பெயரைத் தாங்கி 2025 ஜனவரி 15-இல் படையில் சேர்ந்த புதிய ஃபிரிகேட்.

அடுத்த பகுதியில் பிரம்மபுத்திரா. அந்தக் கப்பல் கொல்கத்தா தளத்தில் ஏன் அத்தனை ஆண்டுகள் காத்துக் கிடந்தது என்பதிலிருந்து தொடங்குவோம்.